கடைமடைக்கு முதல் முறை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. வெள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன், பழுப்பேறி வெகுகாலமாயிற்று. நடுவில் ஆங்கில எழுத்துகளில் ஒரே ஒரு சொல்: கடைமடை. யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்தத் தாள் என் கைக்கு வந்தபோது, அப்போதுதான் இறக்கிய இட்லித் துணியைப் போலச் சூடாக இருந்தது. மத்தியான வேளைகளில் அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் ஒட்டியிருப்பதாகத் தோன்றும்.

ஆபீசுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். தஞ்சாவூரில் ஒரு விதைநெல் கம்பெனியின் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். நான் சலான் அச்சடித்துக் கொடுத்தால்தான் லாரிகள் விதை மூட்டையோடு கிளம்பும். அதுவரை பிரிவுக்கு ஒரு பிரிண்டர். எல்லாம் சேர்ந்து கிறீச்சிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது காதில் விழாது. அவற்றையெல்லாம் தூக்கிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே மூட்டை அடுக்கியிருந்த அறையில் ஒரே பெரிய பிரிண்டரும், எல்லார் வேலையையும் வாங்கி வரிசைப்படுத்தி அதற்கு அனுப்பும் ஒரு கம்ப்யூட்டரும் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்குப் பெயர் பிரிண்ட் சர்வராம்.

பொருத்த வந்தவரைச் சிஸ்டம் சார் என்றோம். திருவையாற்றுக்காரர். சிங்கப்பூர் வேலைக்கு விசா வர வேண்டியிருந்தது. ஆனால் முகத்தில் பரபரப்பே இருக்காது. சுவரோரம் உட்கார்ந்து, ஏதோ ராகத்தை முணுமுணுத்தபடி நீல ஒயர்களை இழுத்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் விதைநெல் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கலந்து கிடக்கும். ஜன்னல் வெயிலில் நெல் தூசி மெல்ல மிதக்கும். வேலை இல்லாவிட்டாலும் அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவேன். ஆற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தது போலிருக்கும்.

தாள்கள் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், அனுப்பிய கம்ப்யூட்டரின் பெயர் போட்ட தாள் ஒன்று விழும்படி செய்தார். யாருடையது முதலில் வர வேண்டும் என்று அவர் கேட்டபோது மேலாளர் யோசிக்கவேயில்லை. முதலில் தன்னுடையது, பிறகு கணக்குப் பிரிவு, பிறகு விற்பனை, கடைசியில் டிஸ்பாட்ச். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற மாதிரிதான். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. மரியாதை என்றால் அப்படித்தானே? பிரிண்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டித் தொடங்கிவைத்தோம்.

மாதக் கடைசி வந்தது. கணக்குப் பிரிவிலிருந்து அறிக்கைக்கு மேல் அறிக்கை. எப்போது அனுப்பினாலும் அவர்களுடையது என் சலானைத் தாண்டிக்கொண்டு முன்னால் போயிற்று. வாசலில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவழியாகச் சலானைக் கொடுத்துவிட்டு நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது, தினமும் ஊருக்குப் போகிற சாயங்கால ரயில் வண்டி போய்விட்டிருந்தது. கீழ்வேளூர் ஸ்டேஷனில் சைக்கிளோடு நின்ற அப்பா, வண்டியில் என்னைக் காணாமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "இன்னொரு தடவ வண்டிய விட்டா வேலைக்குப் போக வேணாம்மா. என்னால இப்படி நிக்க முடியாது" என்றார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார். அந்த வேலை எனக்கு உயிராக இருந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் நேரே படிக்கட்டு அறைக்குப் போனேன். "சார், எங்க ஊரு கடைமடை. ஆத்துல தண்ணி விட்டாலும் எங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள நாத்து காஞ்சிடும். ஆபீஸ்லயும் என்னைக் கொண்டுபோய் அங்கேயே வச்சிட்டீங்களே!" என்று பொரிந்து தள்ளினேன். அப்பா சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஒயரைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல வாய்க்கா வாசல்லயே ஓடுதும்மா. தண்ணிக்குக் காத்திருந்ததே இல்ல. இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றவர், "தண்ணி கம்மியா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"முறை வச்சுப் பாய்ச்சுவோம் சார். கடைமடைக்கு மொதல்ல விட்டுட்டுத்தான் மேல இருக்கிற மடையத் திறக்கணும்னு பேசிக்குவாங்க. எல்லா வருஷமும் நடக்காது. நடந்தா எங்க வயலும் பொழைக்கும்."

அவர் எழுந்து மேலாளர் அறைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன்.

"ஏங்க, என் பேப்பர் டிஸ்பாட்ச் பேப்பருக்குப் பின்னாடி வரணுங்கிறீங்களா?" என்றார் மேலாளர்.

"உங்க பேப்பர் மாடி ஏறினாப் போதும் சார். அவங்க பேப்பர் லாரியோட ஊர் ஊராப் போகணும்."

மேலாளருக்குக் கோபம் வரும் என்றிருந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மத்தியானத்துக்கு மேல மட்டும் அப்படி வச்சுப் பாருங்க" என்றார்.

அன்று மாலையும் கணக்குத் தாள்கள் வழிந்துகொண்டேயிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி பிரிண்டர் பக்கத்தில் நின்றேன். ஓடிக்கொண்டிருந்த அறிக்கை முடிந்து, பிரிண்டர் ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு ஒரு தாள் நழுவி விழுந்தது. அதில் டிஸ்பாட்ச் என்று இருக்க வேண்டும். கடைமடை என்று இருந்தது. சத்தமில்லாமல் என் கம்ப்யூட்டரின் பெயரையே மாற்றிவிட்டிருக்கிறார்! பின்னாலேயே சலான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அந்த முதல் தாளையும் சேர்த்து வாரிக்கொண்டேன். "ஓடுங்கம்மா, வண்டி வந்துடும்" என்றார், முணுமுணுப்பை நிறுத்திவிட்டு. அன்று ரயில் ஜன்னலில் வயல்களும் வானமும் ஒன்றாக நகர்ந்தன. கீழ்வேளூரில் என்னைக் கண்டதும் அப்பா சைக்கிள் பெல்லை ஒருமுறை அடித்தார்.

மழைக்காலம் தொடங்குமுன் சாருக்கு விசா வந்தது, சிங்கப்பூர் போய்விட்டார். பிறகு தகவல் இல்லை.

இப்போது அந்த மேலாளர் நாற்காலியில் நான் இருக்கிறேன். வீடும் தஞ்சாவூரிலேயே. அப்பா போய்ச் சில வருஷமாகிறது. அண்மையில் பிரிண்டர்களை மாற்ற வந்த பொறியாளர், "உங்களோடத மொதல்ல வச்சிடறேன் மேடம்" என்றார்.

"வேணாம்ப்பா. டிஸ்பாட்ச் மொதல்ல. அங்க வேலை பாக்கிற பொண்ணு சீர்காழி வண்டியப் பிடிக்கணும்."

"உங்களுக்கு அவசரம்னா?"

"எனக்கு ஏதுப்பா வண்டி? ஸ்டேஷன்ல நிக்க ஆளும் இல்ல."

அவர் போனபின் அந்தச் சொல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி சில்லென்று இருந்தது.