நாலு விரல் கத்தி

போன மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மாற்றுச் சட்டை, மகள் கட்டிக்கொடுத்த இட்லி, ஒரு வேட்டி, வேட்டிக்குள் சுற்றிய மடக்குக்கத்தி. கடைசிச் சாமானைப் பார்த்ததும் சீருடைக்காரரின் முகம் மாறிவிட்டது. நான் பதறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சட்டம் தெரியும். "அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல இருந்தாத்தான் சார் ஆயுதம், இது வெறும் நாலு விரல்" என்று விளக்கினேன். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. இந்தியில் ஏதோ சொல்லி ஓரத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே நகவெட்டிகள், கத்தரிக்கோல்கள், லைட்டர்கள், யாரோ ஒரு மகராசனின் திருப்புளி. திரும்பிப் போய் லக்கேஜில் போட்டுவிட்டு வரலாம் என்று பக்கத்திலிருந்த பெண் மலையாளத்தில் சொன்னாள். அதற்குள் என் விமானத்துக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போட்டேன். டணார் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையில் பித்தளை வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் மிச்சம்.

அந்தக் கத்தி என்னுடையது இல்லை. ஞானதாஸுடையது. பெங்களூரில் அவன் புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு. நேரில் பார்த்துக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோனேன்.

பித்தளை வாடை இருக்கிறதே, அது எனக்குத் திருவனந்தபுரம் சாலை பஜாரின் வாடை. தொண்ணூறுகளின் கடைசியில் வள்ளியூரிலிருந்து வந்து அங்கே ஒரு மொத்த ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். எங்கள் கடை கஞ்சி போட்ட புதுத்துணியாக மணக்கும். பக்கத்துத் தானியக் கடை வத்தலும் சாக்குமாக மணக்கும். ஞானதாஸ் அந்தத் தும்மல் கடையில் வேலை பார்த்தான். மார்த்தாண்டத்துக்காரன். தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுவான். எந்த வார்த்தை எந்த மொழி என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இரண்டு பேரும் ஸ்ரீவராகத்தில் ஒரு அக்ரஹாரத்து வீட்டின் பின்கட்டில், தனி வாசல் உள்ள ஒரு அறையில் குடியிருந்தோம்.

சாக்கு தைத்த சணலை அறுக்க அவன் எப்போதும் கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தி வைத்திருப்பான். மரப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். அதே கத்தியால் அன்னாசி நறுக்குவான், பென்சில் சீவுவான், நகம் வெட்டுவான். நகத்துக்கும் அன்னாசிக்கும் நடுவில் கழுவினானா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்னாசி தின்றிருக்க முடியாது.

வாராவாரம் ஊருக்குப் போய்வருகிறவன் ஆகையால், பயணத்தில் கத்தி வைத்திருப்பது பற்றிய சட்டங்களை ஞானதாஸ் வழிநெடுக விசாரித்துச் சேர்த்து வைத்திருந்தான். சட்டம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. களியக்காவிளை சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் அலகின் மேல் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்து, வெளியே நீட்டவில்லை என்பதால் விட்டுவிட்டாராம். "ஒல்லிப் போலீசுக்கிட்ட மட்டும் மாட்டப்பிடாதுடே. தடிச்ச விரலாட்டு பாத்து நிக்கணும்" என்பான். காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும் என்பது ஒரு பஸ் கண்டக்டரின் சட்டம். எல்லாவற்றையும் விட உயர்ந்த சட்டம் ஒன்று இருந்தது. கத்தியோடு ஒரு பழமும் கையில் இருந்தால் கேஸே கிடையாது. சொன்னது யார் என்று அவனுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் பஸ் ஏறும்போதெல்லாம் பையில் ஒரு ஆரஞ்சு வைத்துக்கொள்வான்.

இப்படிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவனைத்தான் பிடித்தார்கள். கிழக்கேகோட்டையில் ஏதோ இரண்டு கூட்டத்துக்குள் கல்லெறி. பஸ்ஸுக்கு நின்ற வயசுப் பையன்களையெல்லாம் போலீஸ் தடவிப் பார்த்திருக்கிறது. மத்தியான நேரம், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் எங்கள் கடை வாசலில் வந்து, "உங்கடெ ஆளைக் கொண்டுபோயி. கத்தி கிட்டியாம்" என்றார். கத்தி இருந்தது சரி, பழம் எங்கே போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். பசித்தது என்று அரை மணி நேரம் முன்னால் தின்றுவிட்டானாம், பாவி.

சிரிக்கிற விஷயமில்லை. அந்த வாரக் கடைசியில் அவன் சார்ஜாவுக்கு விமானம் ஏற வேண்டும். அவன் வீட்டில் ரப்பர் நின்ற நிலம் மொத்தமும் விசாவாக மாறிவிட்டிருந்தது. ஒரு கேஸ் எழுதிவிட்டால் போதும், விசாவும் போகும், நிலமும் இல்லை.

வீட்டுக்கார மாமா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். அவர் இலையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரசத்தைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். "அலகு ஒம்பது அங்குலத்துக்கு மேல இருந்தாத்தான் ஆயுதம்னு பேரு. இது பழம் நறுக்கற சாமானாக்கும். தைரியமாப் போய்ச் சொல்லு."

"நீங்களும் ஒரு நடை வந்தா நல்லாருக்கும் மாமா."

"நான் எதுக்குடா? மோர் பாக்கியிருக்கு. அதான் சட்டத்தைச் சொல்லிட்டேனே."

சட்டத்தோடு ஒரு ஆரஞ்சையும் வாங்கிக்கொண்டு போனேன்.

காவல் நிலையத்தில் ஞானதாஸ் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப்போய், என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எஸ்.ஐ.யின் மேசைமேல் கத்தி, மடக்கியபடி. பக்கத்தில் ஆரஞ்சை வைத்துவிட்டு ஆரம்பித்தேன். நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழை உரக்கச் சொல்லிக் கடைசியில் 'ஆணு' சேர்த்தால் மலையாளம் என்பது என் எண்ணம்.

"ஒன்பது அங்குலத்துக்கு மேல இருந்தாத்தான் சார் ஆயுதம் ஆணு. இது பழம் நறுக்குற சாமான் ஆணு. இதுதான் சார் பழம் ஆணு."

எஸ்.ஐ. கத்தியைப் பார்த்தார், ஆரஞ்சைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். களியக்காவிளையின் நாலு விரலைச் சொன்னேன். கண்டக்டரின் காகிதத்தைச் சொன்னேன். சணல், சாக்கு, ரப்பர், அவன் அப்பாவின் ஆஸ்துமா, சார்ஜா என்று போய்க்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் பேனாவை எடுத்துவிடுவாரோ என்று பயம். கடைசியில் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"எடோ, மதி. கத்தி வைக்கல்லே."

மலையாளத்தில் 'மதி' என்றால் போதும்; 'கத்தி வைக்கல்லே' என்றால் 'அறுக்காதே' என்று அர்த்தம். நாம் பிளேடு போடாதே என்கிறோமே, அதேதான். இரண்டு மாதத்தில் அதுவரை எனக்குப் பாடம் போகவில்லை. நான் புரிந்துகொண்டது நேர் அர்த்தம்: கத்தி வைத்துக்கொள்ளாதே. ஆகா, இதுதான் உத்தரவு, எச்சரித்து விடப்போகிறார் என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

"இனிமே வைக்க மாட்டேன் சார். அவனும் வைக்க மாட்டான். சத்தியமா ரெண்டு பேரும் கத்தியே வைக்க மாட்டோம் சார்!"

முதலில் வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். அப்புறம் ரைட்டர். எஸ்.ஐ. கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. பெஞ்சிலிருந்து ஒரு முக்கல் சத்தம். பார்த்தால் ஞானதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறான். எதற்கென்று தெரியாமல் மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். எஸ்.ஐ. கத்தியை விரித்து ஆரஞ்சை இரண்டாக வகுந்து, பாதியை ரைட்டருக்குக் கொடுத்தார். துடைத்து மடக்கி ஞானதாஸிடம் நீட்டி, "போய்க்கோ. இவனெயும் கொண்டுபோ" என்றார்.

வெளியே வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மக்கா, சாவுகதுவரைக்கும் மறக்கமாட்டேன் கேட்டியா" என்றான். ஒரு வாரம் சாலை பஜார் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'கத்தி வைக்கல்லே' என்றார்கள்.

சார்ஜாவுக்குப் போன அன்று, பழைய விமான நிலையத்து வாசல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியை என் கையில் வைத்தான். "இதைக் கையில கொண்டு போகப்பிடாதாம்டே. நீ வச்சுக்க, வரும்போ வாங்கிக்கிடுகேன்." நானும் வைத்திருந்தேன். அவன் லீவில் வந்தால் மார்த்தாண்டத்தோடு நின்றுவிடுவான். பிறகு இரண்டு கல்யாண வீட்டில் பார்த்தோம். கல்யாணத்துக்குக் கத்தி கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருதரம் தேங்காயெண்ணெய் தடவுவேன். என் பெண்டாட்டி அதற்குச் 'சார்ஜாக்காரர்' என்று பேர் வைத்திருந்தாள். சொந்தக்காரன் சார்ஜாவை விட்டுப் பெங்களூர் வந்த பிறகும் அந்தப் பேர் மாறவில்லை.

மாமாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது ஃபிளாட். தானியக் கடை செல்போன் கடையாகிவிட்டது, யாரும் தும்முவதில்லை. மிச்சமிருந்தது இந்தக் கத்திதான். அதையும் டணார் என்று போட்டுவிட்டு, ஏறுவதற்கு வரிசையில் நின்றபடி அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"லே, கத்தி போச்சுலே. பிடுங்கிட்டான்."

"எந்தக் கத்தி?"

"உன் கத்திடா. மடக்குக்கத்தி."

"எனக்கு எங்கடே கத்தி?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். சணலைச் சொன்னேன், ஆரஞ்சைச் சொன்னேன், எஸ்.ஐ.யைச் சொன்னேன். அந்தப் பக்கம் பந்தல்காரரோடு பேசிக்கொண்டே 'ம், ம்' என்றான். அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. விடாமல் திரும்பவும் கிழக்கேகோட்டையிலிருந்து தொடங்கினேன்.

"எடே, இங்க ஆளு வந்து நிக்குது. சும்மா கத்தி வைக்கல்லே" என்றான். எல்லா மலையாளிகளும் சொல்வது மாதிரி, வெறுமனே.

"இனிமே வைக்க மாட்டேன் சார்" என்றேன்.

"ஆருடே சார்?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தான்.