ஈரக்காற்றுக்கும் கத்திய கருவி

மின் பொறியியல் துறையில் அந்தப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சென்சாரம்மா’. காற்றில் விஷவாயு கலந்தால் மனிதர் மூக்குக்கு எட்டுமுன்பே கண்டுபிடித்துக் கத்தும் சென்சார்தான் அவளுடைய ஆராய்ச்சி.

“மூக்குமேல கோபம் வர்றவ, ஊருக்கே மூக்கு செஞ்சு தர்றியாக்கா?” என்று தம்பி சீண்டுவான். ஆனால் முதல் கருவி தேறியதும் முந்திக்கொண்டு கேட்டு வாங்கியவனும் அவன்தான். மீன் பெட்டிகளை வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் அவன் மேற்பார்வையாளன். அங்கே குளிரூட்டுவது அம்மோனியா, கசிந்தால் மூச்சையே அடைத்துவிடும் வாயு. குழாய்கள் கூடும் அறையில் அவனே ஏணியேறிக் கருவியை மாட்டினான்.

“எப்படிடா வேலை செய்யுது?” என்று போனில் கேட்கும்போதெல்லாம், “தங்கமா இருக்குக்கா” என்பான். அந்தத் தெம்பில் அவள் கட்டுரைகள் எழுதினாள், துறைத்தலைவியும் ஆனாள்.

ஒருநாள் அந்த அறையில் குழாய் கசிந்தது. உள்ளே மயங்கிக் கிடந்த ஒருவரைத் தம்பி இழுத்துவந்து போட்டான். வால்வை மூடத் திரும்பிப் போனவன் வெளியே வரவில்லை.

விசாரணையில் கம்ப்ரசர் ஆபரேட்டர் தலைகுனிந்தபடி சொன்னார்: “கதவைத் திறந்தாலே கத்தும்ங்க. ஈரக்காத்து பட்டாலும் கத்தும். எத்தனை தடவைதான் வேலையைப் போட்டுட்டு ஓடறது? சாரே வயரைக் கழட்டிட்டார். ‘அக்காவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சுடும்’னார்.”

அவள் வெளியே வந்து டீ குடித்தாள். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று தெரியவில்லை. மறுநாள் வகுப்பெடுத்தாள்.

“ஒரு தடவை அழுதுடுங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

“வந்தா அழறேன்.”

வரவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு அதே கிடங்குக்குப் போனாள். ஸ்வெட்டரோடு மீன் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் காற்றின் ஈரத்தை அளந்தாள். வாசனை முடியில் ஏறிக்கொண்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போனார்கள், அவளுக்கு உறைக்கவில்லை. ஈரத்துக்கென்றே இன்னொரு சென்சாரைப் பக்கத்தில் பொருத்தி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே கத்தும்படி கருவியை மாற்றினாள். அதற்குள் சில வருடங்கள் ஓடிவிட்டன. துறைத்தலைவி பதவியை வேறொருவரிடம் கொடுத்திருந்தாள்.

“இப்ப சும்மா கத்தறதில்லைங்கம்மா” என்றார் ஆபரேட்டர்.

“கழட்டலையே?”

“சத்தியமா இல்லைங்க.”

அவள் நம்பவில்லை, ஏணியேறி வயரை இழுத்துப் பார்த்தாள். பிறகு கருவி மாட்டிய இடங்களுக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது வழக்கமாயிற்று. வாட்ச்மேன்கள் அவளைக் கண்டாலே முகம் சுளித்தார்கள்.

ஒரு மத்தியானம் வகுப்பு நடுவே போன் அடித்தது. ஆபரேட்டருக்கு மூச்சு வாங்கியது. “அம்மா, கருவி கத்திடுச்சு! நிஜக் கசிவு. எல்லாரும் வெளிய வந்துட்டோம்.”

“எல்லாருமா?”

“ஒருத்தர் விடாம.”

“சரி” என்று போனைப் பைக்குள் போட்டாள்.

“எங்க விட்டோம்?”

முதல் பெஞ்சுப் பெண் சொன்னாள். பேராசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி, மீதிச் சமன்பாட்டை எழுதினாள்.