செவலைக்கு ஆபரேஷன்

நனைந்த சாக்குக்கு ஒரு வாடை உண்டு. சணலும் சாணமும் பழைய வெங்காயமும் கலந்த அந்த வாடையோடு, பால் குடிக்கிற வாயின் புளித்த மணமும் சேர்ந்து வந்தால், உள்ளே நாய்க்குட்டிகள் இருக்கின்றன என்றும், அத்தனையும் "பொட்டை" என்றும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில், செவ்வந்தியும் மல்லிகையும் கத்திரிக்காயும் விளைகிற ஊர் எங்களுடையது. எங்களுக்கும் கொஞ்சம் பூத்தோட்டம் இருந்தது; அதோடு அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். விடிந்தும் விடியாததுமாக ஊர்ப் பூவையெல்லாம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார். கார்த்திகை பிறந்துவிட்டால் பூக்கூடைகளுக்கு நடுவே அந்தச் சாக்குகளும் ஏறும்.

கடுவன் குட்டி என்றால் கண் திறப்பதற்கு முன்பே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். தோட்டத்துக்கு ஒன்று, கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஒன்று என்று பங்கு போய்விடும். பொட்டைக்கு ஆள் கிடையாது; கண்ணில் படாமல் தப்பி வளர்கிற ஒன்றிரண்டுதான் ஊரின் தாய் நாய்கள். "வருசா வருசம் ஈனும், அம்புட்டுக்கும் யாரு சோறு போடுறது?" என்பார்கள். கொல்லவும் மனசு வராது, பாவம் சேர்ந்துவிடும். அதனால் "டவுனுக்கு அனுப்பிவிடுவது" என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டவுனில் கறிக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் கொண்டுபோய் விட்டால், எலும்பும் சவ்வும் தின்று ராணி மாதிரி பிழைத்துக்கொள்ளும் என்பது ஊரின் நம்பிக்கை. அதற்கு ஒரு முறையும் இருந்தது. குட்டியைக் கையால் எடுத்து வெளியே விடக்கூடாது. சாக்கின் வாய்க்கட்டை மட்டும் தளர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தானாக வெளியே வந்தால் நாம் விட்டதாக ஆகாதாம். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்துவிடுமாம். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! பாவமும் சேராது, குட்டியும் சேராது.

அப்பா கெட்டவர் இல்லை. எறும்புப் புற்றுக்கு மேலே வண்டியை ஏற்றாமல் ஒடித்துப் போகிறவர். ஆனால் ஊர் முறை என்று ஒன்று சொன்னால் அதைக் கேள்வி கேட்கத் தெரியாது. வருடக்கணக்காக அந்தச் சாக்குகளை இறக்கினார். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கார்த்திகை மழை நாளில், வழக்கம்போல கறிக்கடைத் தெரு முனையில் அப்பா சாக்குக் கட்டைத் தளர்த்திவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். வண்டி கிளம்பவில்லை. இன்ஜினுக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எத்தனை முறை இழுத்தும் செருமிச் செருமி நின்றுபோக, அந்த இடத்திலேயே அவர் உட்கார வேண்டியதாயிற்று. அப்போதுதான் நடந்ததைப் பார்த்தார். குட்டிகள் சாக்கைவிட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எலும்பு இருக்கிற பக்கம் அவை போகவில்லை. அம்மாவைத் தேடுகிற குட்டிக்கு எலும்பு எங்கே தெரியும்? வெளிச்சம் வருகிற பக்கமாக, ரோட்டுக்கு நடந்தன. காலை பஸ்கள் வருகிற நேரம் அது. அப்பா எழுந்து ஓடுவதற்குள் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

எதிர்க் கடையில் ஆடு தொங்கவிட்டுக்கொண்டிருந்த பாய் ஒருவர் வந்து அப்பா பக்கத்தில் நின்றாராம். "தெனமும் விட்டுட்டுப் போறீங்க. கூட்டி அள்ளுறது நாங்கதேன். ஒரு நாளாச்சும் நின்னு பாத்துருக்கீங்களாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். சத்தம்கூடப் போடவில்லையாம். அதுதான் அப்பாவுக்கு ரொம்பச் சுட்டது.

மிஞ்சிய குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். செம்மண் நிறம், காது மட்டும் கறுப்பு. "செவலை" என்றாள். பேர் வைத்துவிட்டால் அது வீட்டு ஆள், அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் அவளிடம் நடக்காது.

செவலையை அம்மா வளர்த்த விதமே ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. நாய் என்றால் மிச்சத்தைத் தின்று, சாக்கடையில் குடித்து, கல்லடி பட்டு வாழ்வது என்று இருந்த ஊரில், அவள் தனிச் சட்டியில் தண்ணீர் வைத்தாள், உண்ணி பொறுக்கினாள், கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டாள். பிள்ளைகள் நாங்கள் அவளை வெயிலில் கட்டிப்போட்டால், தண்டனையாக எங்களுக்கும் அதே வெயிலில் வேலை கிடைத்தது. "பெரிய கலெக்டர் வீட்டு நாயி" என்று கேலி பேசுவார்கள். "ஆமா, கலெக்டர் வந்தா ஒங்க வீட்டுக்கா வருவாரு?" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். வாய் என்றால் அப்படியொரு வாய் அவளுக்கு. எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர்.

அடுத்த புரட்டாசியில் செவலை பருவத்துக்கு வந்தாள், எங்களுக்குச் சனியனும் வந்தது. எங்கெங்கிருந்தோ கடுவன் நாய்கள் வந்து கூடின. பகலெல்லாம் வேலியைச் சுற்றிச் சண்டை, ஊளை, கடி. பக்கத்துத் தோட்டத்து மாமா ஆயுத பூஜைக்கென்று செவ்வந்தி போட்டிருந்தார்; மறுவாரம் பூ எடுக்க வேண்டிய பாத்தி. ஒரு மத்தியானம் அந்த நாய்கள் அதில் விழுந்து புரண்டு, பூத்த செடியையெல்லாம் நாசம் பண்ணிவிட்டன. மாமா வேலியோரம் வந்து நின்று கத்தினார்: "தங்கச்சி, சொல்லிட்டேன். ஒண்ணு அதைச் சாக்குல கட்டி அனுப்பு. இல்லைன்னா நான் கருவாட்டுல மருந்து வைக்கிறேன். அம்புட்டுத்தேன்."

வைக்கக்கூடியவர்தான் அவர். முன்பு ஒருமுறை வைத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.  ஒரு உயிரைக் காப்பாற்ற நம் கையில் ஒன்றுமே இல்லையே என்ற நினைப்பு பன்னிரண்டு வயதில் வந்தால் அது அவ்வளவு லேசில் போகாது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மாமாவின் தோட்டத்துக்கே போனாள். "அண்ணே, ஒங்களுக்கு ஆனது நட்டம், இல்லைங்கலை. எங்க பாத்திப் பூவை நீங்க எடுத்துக்கங்க. ஆனா மருந்து கிருந்துன்னு பேச்சு வரக்கூடாது. நாயை நான் பாத்துக்கறேன்." அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆயுத பூசைப் பூவையாடி?" என்றார். வருடம் முழுக்க அந்தப் பூவை நம்பித்தானே இருக்கிறோம்! "சாக்கை ஏத்துனது நீங்கதானே?" என்று அம்மா கேட்டாள்.  அந்த ஆயுத பூஜைக்கு எங்கள் பூவை மாமா வீட்டார் வந்து எடுத்துப்போனார்கள். எனக்குப் புதுப் பாவாடை இல்லை. ஆத்திரமாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் செவலைமேல் வரவில்லை.

அம்மா திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய், நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய முடியுமா என்று கேட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா, முடியும், ஆனால் இந்தப் பருவம் அடங்கிக் கொஞ்ச காலம் போகட்டும், அதுவரை வெளியே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆக, அந்த நாய்க் கூட்டம் கலைகிறவரை செவலை மாட்டுக் கொட்டத்தில் சிறை, நானும் அம்மாவும் மாறிமாறிக் காவல். வெளிக்குக் கூட்டிப்போனாலும் ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கம்பு.

ஆபரேஷன் சேதி தெரிந்ததும் ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! டீக்கடையில் அதுதான் பேச்சு. "நாய்க்கு ஆபரேசனாம், அடுத்து கோழிக்குப் பல்லு கட்டுவாளா?" என்றார்கள். கருப்பை எடுத்த நாய் குலைக்காது, காவலுக்கு ஆகாது, வீட்டுக்கே ஆகாது என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு. குடத்தோடு குழாயடியில் நின்றிருந்த அம்மா ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ரெண்டாவது புள்ளையோட எனக்கும் அந்த ஆபரேசனைத்தேன் பண்ணி விட்டீங்க. அன்னைக்கு எவனாச்சும் சிரிச்சானா? எனக்கு வாய் போச்சா?"

 குழாயடியில் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு.

டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாளில் செவலை பூக்கூடைகளுக்கு நடுவே, அம்மாவின் மடியில் தலைவைத்துத் திண்டுக்கல் போனாள். எந்தச் சாக்குகளை ஏற்றினாரோ அதே வண்டியில் அப்பா அவளை மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது வயிற்றில் தையலோடு, மயக்கம் தெளியாத கண்ணோடு, நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தாள். தையலை நக்காமல் இருக்க அம்மா பழைய பாவாடையைக் கிழித்து வயிற்றோடு சுற்றினாள். தெருப் பெண்கள் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற மாதிரி ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு அத்தை முட்டைகூடக் கொண்டுவந்தாள்.

செவலை நாலைந்து நாள் குலைக்கவே இல்லை. வலியில் கிடக்கிற பிராணி எதற்குக் குலைக்கும்? மாமாவுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "சொன்னேன்ல, ஊமையாக்கிட்டா" என்று தெருத்தெருவாகச் சொன்னார். தையல் பிரித்த பிறகு ஒரு பகலில், எங்கள் மோட்டார் ரூமில் ஏதோ சாமான் இரவல் எடுக்க, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தவரை, செவலை குலைத்துக்கொண்டே பாய்ந்துபோய் வேட்டியைக் கவ்விக்கொண்டாள். "ஏத்தா, நாயைப் பிடியாத்தா, ஏ தங்கச்சி!" என்று அவர் போட்ட சத்தம் நாலு தோட்டம் தாண்டிக் கேட்டது. அம்மா செத்த நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

மறுபடியும் சாக்குக் காலம் வந்தபோது, ஒருவர் பாதி கட்டிய சாக்கோடு வண்டியருகே நின்றார். அப்பா சாதுவான மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது: "பூ ஏத்துவேன், காய் ஏத்துவேன், ஒன் மாமியாளை ஏத்தச் சொன்னாலும் ஏத்துவேன். இந்தச் சாக்கை ஏத்த மாட்டேன். தாயைக் கொண்டா, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போறேன்." சிலர் கொண்டுவந்தார்கள். சிலர் எங்களைத் திட்டிவிட்டு டூ வீலரில் வைத்துத் தாங்களே கொண்டுபோய் விட்டார்கள். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்; எழுதினால் பொய். ஆனால் அப்பா பேச்சு மாறவில்லை, வண்டியை விற்கும்வரை மாறவில்லை.

செவலை நெடுங்காலம் இருந்தாள். நான் கல்லூரி முடித்துக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்த சமயத்தில், எங்கள் தெருக் குழந்தை ஒன்று செவலையையே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த நாய்க்கு ஏன் மூஞ்சியில சுண்ணாம்பு பூசிருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டது. சுண்ணாம்பு இல்லை, முகம் நரைத்திருந்தது. அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அந்தக் குழந்தை மட்டுமில்லை, அந்த ஊரில் நாங்கள் யாருமே அதுவரை கிழவியான ஒரு பொட்டை நாயைப் பார்த்ததில்லை. எதையுமே அந்த வயதுவரை நாங்கள் விட்டுவைக்கவில்லை. அப்பாவின் சட்டைக்குள் குட்டி வந்த அன்று அழாத அம்மா, அன்றைக்கு அழுதாள்.

அதற்கடுத்த வருடம் செவலை, வேப்பமர நிழலில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது திண்டுக்கல்லில் பைபாஸ் ஓரத்து நகர் ஒன்றில் குடியிருக்கிறேன். அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தின் வாடை எனக்குத் தெரியும். ஊரில் இன்று சாக்கு கட்டுகிறவர்கள் அநேகமாக இல்லை. அந்த முறையும் போயிற்று, "தானா வந்தது" என்கிற சமாதானமும் போயிற்று. அதெல்லாம் மறைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் சாக்கு இருந்த இடத்துக்குக் கார் வந்திருக்கிறது. ஆசைக்கு வாங்கி, போட்டோ எடுத்து, அலுத்துப்போனதும் பைபாஸில் கதவைத் திறந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். மயிரடர்ந்த குளிர்நாட்டு நாய்களை இந்தத் திண்டுக்கல் வெயிலில்! ஊர்க்காரர்களாவது பாவத்துக்குப் பயந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை.

போன மாதம் அப்படி இறக்கிவிடப்பட்ட ஒரு பொட்டை நாய், கழுத்துப் பட்டையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வெள்ளைக் கார் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தது. கூட்டிவந்துவிட்டேன். நேற்று எங்கள் நகர்க்காரர்கள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்து, புள்ளைகள் விளையாடுகிற இடம், நாயைத் துரத்திவிடுங்கள் என்றார்கள். அவர்கள் பயம் நியாயம்தான், நானும் பிள்ளை பெற்றவள். உட்காரவைத்து டீ கொடுத்துச் சொன்னேன்: "ஊசி போட்டாச்சு. அடுத்த வாரம் ஆபரேஷன். வெளிய வந்தா கயிறோடதான் வரும். பட்டையில என் போன் நம்பர் இருக்கு. எது ஆனாலும் என்னைக் கேளுங்க. தொரத்த மட்டும் சொல்லாதீங்க, அது நடக்காது."

முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். நாளைக்கும் வருவார்கள். வரட்டும், டீ இருக்கிறது. இவளுக்கும் முகம் நரைக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் விடுவதாக இல்லை.