மழை நோட்டுக்கு ஒரு நம்பர்

புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷம் டீ போட்டுக் கொடுத்தேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அங்கிருந்த ஐயாமார்களோ பேருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரிப் பட்டம் கோத்தவர்கள். ஆனாலும் எந்த டம்ளரில் சர்க்கரை, எதில் இல்லை என்று கண்டுபிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர்களில் ஒரே ஒரு பெண், அவரும் தமிழ். நான் டாக்டரம்மா என்பேன். மழைத்துளியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. ஜூனில் முதல் மழை விழுந்தால் ஊரே காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து கீழே ஓடும். அவர் மட்டும் செம்பு வளையம் மாட்டிய டப்பாவோடு மேலே ஓடுவார்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"மேகத்துக்குள்ள மின்னல் எப்படிப் பொறக்குதுன்னு இதுல தெரியும்."

"எங்க மாமியாருக்கு வாய்க்குள்ளயே பொறக்கும். அதையும் ஒருநா அளந்து பாருங்க."

அப்படி அளந்து எழுதியே இருபத்தைந்து நோட்டு சேர்ந்தது. வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் கடிதம் போட்டுக் கொஞ்சம் கணக்குக் கேட்டார். டாக்டரம்மா மூன்று வருஷக் கணக்கைக் கைவலிக்க நகலெடுத்து அனுப்பினார். அந்த ஆளின் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பேர் மட்டும். கடைசிப் பக்கத்தில், டைப் அடித்த பெண்ணுக்கு அடுத்தபடியாக டாக்டரம்மாவுக்குப் பொடி எழுத்தில் நன்றி. எங்கள் டைரக்டர் அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, டாக்டரம்மாவையே கூப்பிட்டுக் காட்டினார்: "பாத்தீங்களா மேடம், ஆராய்ச்சின்னா இப்படிப் பண்ணணும்."

டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "மிச்சக் கணக்கெல்லாம் என்கிட்ட இருக்கு. ரிட்டயர் ஆனதும் நானே எழுதுவேன்."

ரிட்டயர் ஆனார். உடனே கண் ஆபரேஷன். நோட்டெல்லாம் அறை பீரோவிலேயே கிடந்தன. அதற்குள் புதுக் கம்ப்யூட்டர் வருகிறதென்று அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோர்ஸ் குமாஸ்தா சொத்து ரிஜிஸ்டரோடு வந்தார். பீரோவுக்கு நம்பர் இருந்தது, காலொடிந்த ஸ்டூலுக்கு இருந்தது, குப்பைக்கூடைக்குக்கூட இருந்தது. நோட்டுக்கு இல்லை.

"மாவ்ஷி," என்றார், மராத்தியில் சித்தி என்கிற மாதிரி, "பீரோவப் பத்திரமா வராண்டால வையி. உள்ள இருக்கற காகிதம் நாளைக்குப் பழைய பேப்பர்காரனுக்கு."

"அது மழைக் கணக்கு சாகேப்."

"மழை வருஷா வருஷம் வருதே!"

அவர் போனதும் யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் அறிவுள்ளதை எறிவார்கள், நம்பர் உள்ளதை எறியமாட்டார்கள். வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்தேன். ஸ்டூலின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்து, எழுத்தை வரைகிற மாதிரி வரைந்து, இருபத்தைந்து அட்டையிலும் போட்டேன்.

மறுநாள் குமாஸ்தா நோட்டைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், வேர்த்துவிட்டார்.

"மாவ்ஷி, ரிஜிஸ்டர்ல இந்த நம்பருக்கு ஒரே ஒரு ஸ்டூல். இங்க இருபத்தஞ்சு அதிகமா இருக்கே!"

"கொறஞ்சாத்தான சாகேப் தப்பு?"

"கொறஞ்சா ஒடஞ்சிபோச்சுன்னு எழுதிருவேன். கூடினா எங்கேருந்து வந்துச்சுன்னு ஆடிட்ல கேப்பானே!"

அவரே புதுசாக ஒரு பக்கம் திறந்து நோட்டுகளைச் சர்க்கார் சொத்தாக ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். அதை எறிய இனி மூன்று கையெழுத்தும் ஒரு கமிட்டியும் வேண்டும்.

கண் சரியாகி டாக்டரம்மா வந்தார். நோட்டை எடுத்துப்போகவும் அதே கமிட்டியாம்!

"பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"காப்பாத்தத்தாம்மா தெரிஞ்சுது. விடுவிக்கிற அளவுக்குப் படிக்கலயே."

வாசிக்க மட்டும் தடையில்லை என்றார் குமாஸ்தா. அந்த மழைக்காலம் முழுக்க டாக்டரம்மா, வாசலில் விசிட்டர் என்று கையெழுத்துப் போட்டு உள்ளே வந்து, வராண்டாவில் பீரோ பக்கத்தில் உட்கார்ந்து தன் கையெழுத்தையே பார்த்து எழுதினார். கட்டுரை அவர் பேரிலேயே அச்சாகி வந்தது. டைரக்டர் அதைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"நல்லதுதான் மேடம். ஃபாரின்ல யாராச்சும் படிச்சாங்களா?"

"தெரியல சார்," என்றார் டாக்டரம்மா. "இங்க நீங்க படிச்சிட்டீங்களா?"

டைரக்டர் டீ ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டினார்.