ஆடிட் அன்று மட்டும் திறக்கும் கதவு

எங்கள் பனியன் கம்பெனியில் எனக்குப் பெயர் மாற்றியே ஓய்ந்துவிட்டார்கள். செக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நொண்டிப் புள்ள. பிறகு ஊனமுற்றவர், அப்புறம் மாற்றுத்திறனாளி. போன மாதம் வேலைக்கு வந்த ஹெச்.ஆர். பெண், "இனி உங்கள ஸ்பெஷல் பர்சன்னுதான் சொல்லோணுங்கக்கா" என்றாள். போலியோவில் சூம்பிய என் இடது காலுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அது எப்போதும் போலத்தான் வலிக்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கென்றே இங்கு ஒரு கழிப்பறை உண்டு. சரிவுப் பாதை, கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் இருக்கிறது. கூடவே ஒரு பூட்டும். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமாம். மற்ற நாட்களில் நான் பொதுக் கழிப்பறைக்கு மூன்று படி ஏறி, குத்தவைக்க முடியாமல் சுவரைப் பிடித்துத் தடுமாற வேண்டும். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். நீர்க்கடுப்புக்கு இரண்டு முறை மாத்திரை விழுங்கியாயிற்று. சாவி கேட்டால், "ஆடிட் முடியட்டுங்கக்கா" என்பார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது வந்துவிடும்.

சென்ற வாரம் அந்தக் கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். மேனேஜரே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, மாற்றுத்திறனாளிங்கறதையே எடுத்துப்போட்டு 'சிறப்புத் திறன் கொண்டோர்'னு போட்டுட்டோம். உங்க மனசு நோகக் கூடாது பாருங்க."

மனசு நோகவில்லை, அடிவயிறுதான் நோகிறது என்று வாய் வரை வந்தது. எரிச்சலை மென்று விழுங்கிக்கொண்டு டேபிளுக்குத் திரும்பினேன்.

ஆடிட் அன்று கதவு விரியத் திறந்திருந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. வந்த ஆடிட்டர் அம்மா பலகையைப் படம் எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது தினமும் திறந்திருக்குங்களா?"

மேனேஜர் அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர்கள் என்னை எப்படிக் கூப்பிட்டபோதும் இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

கார் கிளம்பியதும் ஹெச்.ஆர். பெண் பூட்ட வந்தாள். அதற்குள் சாவியை என் ஐடி கார்டு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன்.

"அக்கா, சாவியக் குடுங்க."

"என்னைய நொண்டின்னே கூப்புடு கண்ணு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சாவிய மட்டும் கேக்காத."

டேபிளுக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தேன்.