இறுக்கிப் பின்னிய சடை

அவள் தைத்த தையல் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வரிசையில் அவளுக்கு இரும்புக்கை என்றே பட்டப்பெயர். அதே கையால்தான் தினமும் காலையில் மகளுக்கு ரெட்டைச் சடை பின்னினாள். வேலை முடிந்து அவள் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருப்பதே அபூர்வம். நடுவில் சடை அவிழ்ந்தால் யார் கட்டிவிடுவது? ஆகவே புருவம் மேலேறும்படி இழுத்துப் பின்னி, ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுவாள். தாயும் மகளும் ஒன்றாக உட்காருவது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான்.

நெற்றியோரம் முடி கொட்டி, காதுக்கு மேல் தோல் தெரிந்தபோது அவள் பார்த்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டாள். அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு வைத்தியர் கிளம்பினார்கள். "இது புழுவெட்டுதான்க்கா, வெங்காயத்தத் தேய்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சத்து பத்தல" என்றாள் மாடிவீட்டுக்காரி. இவளோ இருக்கிற முடியாவது நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கிப் பின்னினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

கடைசியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"நோயும் இல்ல, புழுவும் இல்ல. தினம் இழுத்துக் கட்டுறதுல வேரு தளர்ந்துபோச்சு. இப்பவே வந்தது நல்லதும்மா. இனிமே சடையே வேணாம், தளர்வா விடுங்க. மெதுவா வளர்ந்துடும்."

தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு வீடு வந்தாள்.

முடியைத் தோள்வரை வெட்டியாயிற்று. மகள் தானே சீப்பால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிடுகிறாள். நல்ல சேதிதான், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் காலையில் சும்மா கிடக்கும் கையை எங்கே வைப்பதென்று இவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தலையின் கதகதப்புக்கும், கழுத்தோரத்து எண்ணெய் வாசனைக்கும், "ஆடாதடி" என்று அதட்டுகிற அந்த உரிமைக்கும் ஏங்கிப்போனாள். பெற்ற பிள்ளையைத் தொடுவதற்குக்கூட ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறதே!

ஒரு விடுமுறை நாளில் மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"அப்படி இழுத்தேனே, வலிக்கலையாடி?"

"வலிச்சுது. சில நாள் கண்ணுல தண்ணியே வரும்."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

மகள் சீப்பின் பற்களை நிமிண்டிக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா சீக்கிரம் முடிச்சிட்டு வேலைக்குப் போயிடுவியேம்மா."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவள் தரையில் உட்கார்ந்து, சீப்பில்லாத கையை நீட்டினாள். "வாடி, சும்மா வந்து உக்காரு."

எதற்கென்று பிள்ளை கேட்கவில்லை. ஓடிவந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.