பால்துரை இறக்கிய போர் விமானம்

டெக்சஸில் காப்பெல் ஊரில் எல்லார் வீட்டு கராஜிலும் கார் நின்றது. பால்துரை வீட்டு கராஜில் மட்டும் அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம் நின்றது. அசல் இல்லை, ஆறடி இறக்கையுள்ள, ரிமோட்டில் பறக்கும் மாதிரி. மனைவி ஜெயசெல்வியின் புதுக் கார் வெளியே நின்று டெக்சஸ் ஆலங்கட்டி மழையில் அடி வாங்கியது.

பால்துரை நாசரேத்துக்காரர். பகலெல்லாம் லாஸ் கொலினாஸ் ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவார். சாயங்காலம் உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்காது. அந்த விமானத்தை 1930களில் ஒரு சின்னக் கம்பெனி கப்பலில் இறங்குவதற்கென்று செய்தது. செய்தது ஒன்றே ஒன்றுதான். கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கயிற்றை வால் கொக்கி பிடிக்க வேண்டும். மூன்று முறை முயன்று, மூன்று முறையும் தவறவிட்டது. கடற்படை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. விமானத்தில் குற்றமில்லை, கொக்கிதான் நாலு அங்குலம் குட்டை என்பது பால்துரையின் வழக்கு. அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்த அவமானம் ஏதோ தன் சொந்தக்காரருக்கு நேர்ந்ததுபோல அவருக்குப் பொறுக்கவில்லை. கொக்கியை நீளமாக வைத்து மூன்று வருஷமாக இழைத்து இழைத்துச் செய்தார்.

1997 மே மாதம் ஜெயசெல்வி முடிவாகச் சொன்னாள். "சனிக்கிழமை இது பலகைல எறங்கினா கராஜ் உங்களுக்கு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை என் கார் உள்ள."

சனிக்கிழமை மைதானத்தில் கப்பல் தளம்போல ப்ளைவுட் பலகையைப் பரப்பி, குறுக்கே கயிறு கட்டி, பால்துரை என்ஜினைக் கிளப்பினார். ஒருதரம் அணைந்தால் மறுபடி கிளம்ப அரை மணி ஆகும். அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்த சபைக் கூட்டத்திலிருந்து மூப்பர் செல்வராஜ் அங்கிள் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, சின்னதா ஒரு ஜெபம் பண்ணிட்டு அனுப்புவோம்."

புதுக் கார், புது வீடு, புது மிக்ஸி எதையும் ஜெபம் பண்ணாமல் தொடாத கூட்டம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். என்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அங்கிள் பைபிளில் நோவாவின் பேழையில் ஆரம்பித்தார். மீன் விழுங்கிய யோனாவுக்கு வருவதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிட்டது. ஜெயசெல்வி ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். இன்னும் மூடி மாட்டாத விமானத்தின் வயிற்றுக்குள், எரிபொருள் டப்பாவில் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அவள் கராஜை நினைத்துக்கொண்டு கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.

ஆமென் சொன்னதும் மூடியை மாட்டிப் பறக்க விட்டார்கள். விமானம் ஜம்மென்று ஏறி ஒரு வட்டம் அடித்தது. உச்சியில் சத்தம் நின்றது. பால்துரையின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் ஜெயசெல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கராஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவள் அப்போதுதான் நிஜமாக ஜெபித்தாள். விமானம் சத்தமில்லாமல் சறுக்கி வந்து பலகையைத் தொட்டது. கொக்கி கயிற்றைப் பிடித்தது.

"பாத்தீங்களா, ஜெபத்தோட பவர்," என்றார் அங்கிள்.

வீடு திரும்பும்போது காரில் அவள் ஒப்புக்கொண்டாள். "எண்ணெய் தீர்றத நான் பாத்துட்டேங்க. வேணும்னேதான் சொல்லல."

"தெரியும். நானும் கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தேன்."

"அப்ப எதுக்குங்க பறக்க விட்டீங்க? ஆஃப் பண்ணி ஊத்தியிருக்கலாம்ல."

"ஊத்தியிருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் பண்ணா அங்கிள் மறுபடி ஜெபம் பண்ணுவாரே."